குடியை விட்டவருக்கு ஊரில் ஓர் இடம்

குடியை விட்டுவிட்டால் போதும், குடும்பம் தலையெடுத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆஸ்பத்திரியில் உடம்பைத் தேற்றி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த மனிதர் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவார்? யாரோடு பேசுவார்? யார் அவரை நம்பி ஒரு வேலை கொடுப்பார்கள்? இதற்கெல்லாம் மாத்திரை கிடையாது, சகோதரிகளே! ஊர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. என் கணவர் இங்கே ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்குப்பிள்ளை. 12 வருஷம் குடித்தார். கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொண்டு, விட்டு 9 வருஷம் ஆகப் போகிறது. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இதுவும் ஒரு வியாதிதான்

குடிப்பழக்கத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. "வைராக்கியம் இருந்தா விட்டுட மாட்டானா?" என்று கேட்பது சுலபம். ஆனால் பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். முதல் மூன்று, நான்கு நாட்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே அறையில் பூட்டி வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடுங்கள், குடி மறந்துவிடும்" என்று சொல்லிப் பொடி விற்பவர்களை நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு முட்டி, உயிர் போகவும் கூடும். நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

மஞ்சக்குடி காட்டிய வழி

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1979ல் தம் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்று வந்தார். 1980ல் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் செய்த ஒரு காரியம் என் மனத்தை மிகவும் தொட்டது. 1989 முதல் தஞ்சைச் சீமையில் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தத் தொடங்கினார்கள். பெயரிலேயே குடி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள்! நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்காமல், ஊரையே வைத்தியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இடமும் சாப்பாடும் ஊரார் உதவியில். டாக்டரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து. குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை. ஊரே பார்க்க ஒருவர் குடியை விடும்போது, அவரைத் தாங்கவும் ஊரிலே நாலு பேர் இருப்பார்கள் அல்லவா?

சாவி கொடுத்த முதலாளி

எங்கள் ஊரில் முகாம் ஏதும் நடக்கவில்லை. ஆனாலும் நாலு பேர் கிடைத்தார்கள். இவர் திரும்பி வந்ததும் மண்டி முதலாளி, "கணக்க நீ எழுது. பணத்த நான் எண்ணிக்கறேன். ஆறு மாசம் போகட்டும், பார்க்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவரோ, "சரியாத்தானுங்க சொல்றீங்க" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

ஐந்தாம் மாசம் ஒரு கெடா விருந்தில் பங்காளி ஒருவர், "இன்னிக்கு ஒரு நாள்தானே மாப்ளே" என்று ஊற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் வீடு மறுபடியும் நரகம். மூன்றாம் நாள் முதலாளியே வாசலில் வந்து நின்றார். "அம்மிணி, அவனக் கூப்புடு. ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்." டாக்டரும் கோபிக்கவில்லை. சறுக்குவது இந்த வியாதியில் உண்டு, எழுந்து வருவதுதான் முக்கியம் என்றார். அன்றிலிருந்து ஆறு மாசம் மறுபடி எண்ணினோம். அது முடிந்த அன்று கல்லாப்பெட்டிச் சாவி இவர் கைக்கு வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஆறு மணியானால், "தம்பி, குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்க" என்று கூப்பிடுவார். வனபத்ரகாளியம்மன் கோயில் ஆடிக் குண்டத்தின்போது தெருக்காரர்கள் போட்ட அன்னதானத்தில் இவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். சின்னக் காரியம்தான். ஆனால் குடிகாரன் என்று ஒதுங்கிப் போன கண்கள் அன்று இவர் முகத்தைப் பார்த்து, "இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றன!

பிறருக்கு உதவி, தனக்குக் காவல்

1935ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், வியாபாரம் முறிந்து தனியே நின்றார். மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், தம்மைப் போல இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போன் செய்தார். கிடைத்தவர் டாக்டர் பாப். அந்த இருவரிடமிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. சங்கம் பிறந்தது. பில்லின் மனைவி லோயிஸ் 1951ல் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பை உருவாக்கினார்.

என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவரைப் பஸ் ஏற்றிக் கோவைக்கு அழைத்துப் போகிறார். "ஏனுங்க, ஒரு நாள் ஓய்வு எடுக்கக் கூடாதா?" என்றால், "அவனுக்குச் சொல்றப்போ எனக்கும் சேத்துத்தான் சொல்லிக்கிறேன் அம்மிணி" என்கிறார். அழைத்துப் போனவர்கள் எல்லாருமே தேறிவிடவில்லை. இருந்தாலும் அடுத்த ஞாயிறும் கிளம்பிவிடுகிறார்.

நம்மால் ஆவது

* திருந்தி வந்தவரிடம் பழைய கதையைக் கிளறாதீர்கள். இன்றைய வேலையைக் கேளுங்கள்.
* மது ஊற்றும் விருந்துக்கு அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வந்தால் பந்தி, சமையல் பக்கம் பொறுப்புக் கொடுங்கள்.
* நம்பிக்கையைப் படிப்படியாகக் கொடுங்கள். ஆனால் கட்டாயம் கொடுங்கள்.
* மனைவிக்கும் ஆலோசனை வேண்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடப்பவள் அவள்தான்.
* அடி, உதை இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் உங்களையும் குழந்தைகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.
* வழி தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருக்கலாம். நாளைக்கு அவரைப் பார்த்தால், "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சகோதரி. அதைக் கேட்கும் அவர் மனைவிக்கு அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வரும்!