குதித்த குழந்தை நிற்கும் இடம்

கீழக்கரையில் பள்ளி ஆண்டு விழா என்றால், பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பந்தலுக்குள் இருப்பதில்லை. வாப்பா துபாயில் இருப்பார், சாச்சா குவைத்தில். பாட்டு முடியும் முன்பே படம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உம்மா போனை உயர்த்திப் பிடிக்கிறார், பிளாஷ் வெட்டுகிறது. அனுப்பிய பிறகு பார்த்தால் பிள்ளையின் முகம் உருகிய மெழுகு. கை இருந்த இடத்தில் வெள்ளைத் தீற்றல். முன்வரிசை நாற்காலிகளின் முதுகு மட்டும் பளபளவென்று பதிந்திருக்கிறது.

நாற்காலிக்குக் கிடைத்த வெளிச்சம் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை? தூரம் இரட்டித்தால் பிளாஷின் வெளிச்சம் கால் பங்காகிவிடும். 2 மீட்டரில் உள்ள நாற்காலியோடு ஒப்பிட்டால், 10 மீட்டரில் உள்ள மேடைக்குப் போவது 25-ல் ஒரு பங்கு. அதனால் முதல் வேலை பிளாஷை அணைப்பது. ஆடுகிற பிள்ளையின் கண்ணும் கூசாது.

அடுத்த ஏமாற்று நம் கண்ணிலேயே இருக்கிறது. மேடை ஜெகஜோதியாகத் தெரிகிறது. ஆனால் நண்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ் என்றால், பள்ளி மேடையில் 300, 400 லக்ஸ் இருந்தாலே பெரிது. கண்மணி விரிந்து, விழித்திரை பழகி, இந்த வித்தியாசத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இந்த ஊர்க் கடலில் சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்: தண்ணீர் கலங்கிய நாளில் எவ்வளவு மூச்சுப் பிடித்தாலும் பலனில்லை. வெளிச்சம் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

அந்தக் கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்க்கக் கேமராவில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஷட்டர் என்னும் கதவை அதிக நேரம் திறந்து வைப்பது. 1858-ல் படக்காரர் லினியஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்த காலத்தில் காகித நெகட்டிவுக்கு அதுதான் வழி. எதிரே நடந்து போகிறவர் அதில் பதியவே மாட்டார். நடனத்தில் இந்த வழி சீக்கிரம் அடைபட்டுவிடும். வீசுகிற கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், விரல்கள் கரைந்துபோகும். 1/250-ல் 8 மில்லிமீட்டர், 1/500-ல் 4. நிதானமான பரதநாட்டிய உருப்படிக்கு 1/250 போதும். கோலாட்டக் குச்சிக்கும் சினிமாக் குத்துப்பாட்டுக்கும் 1/500 வேண்டும்.

இரண்டாவது வழி லென்ஸின் துளை. என் கணிப்பில் காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் துளையின் குறுக்களவால் வகுத்து வருவது, அதனால் எண் சிறுத்தால் துளை பெருக்கிறது. கேமராவோடு கொடுக்கும் 18-55 எம்எம் லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப்/5.6. எஃப்/2.8 லென்ஸ் அதைப்போல 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 70-200 எம்எம் எஃப்/2.8 தான் மேடைப் படக்காரர்களின் வாகனம். விலையும் கனமும் தாங்காதவர்கள் அதை ஒருநாள் வாடகைக்கு எடுப்பார்கள். பெற்றோருக்கு 50 எம்எம் எஃப்/1.8 என்ற சின்ன லென்ஸே போதும் என்பேன். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள கேமராவில் மாட்டி 10 மீட்டரில் நின்றால் ஏறக்குறைய 4.7 மீட்டர் அகல மேடை அடங்கும், அதாவது ஒரு வரிசைப் பிள்ளைகள். தன் பிள்ளை மட்டும் வேண்டும் என்றால் 85 எம்எம். ஒரு எச்சரிக்கை: துளையை முழுக்கத் திறந்தால் தெளிவின் ஆழம் குறையும். அந்த 85 எம்எம், எஃப்/1.8-ல் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 1 மீட்டர் ஆழம்தான் கூர்மையாக விழும். பின்வரிசைப் பிள்ளையின் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள்.

  

மூன்றாவது ஐஎஸ்ஓ. இதை ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை, கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அப்போது தெரியும் மணல் மணலான புள்ளிகளைக் கேமராவின் குறை என்று நினைக்கிறோம். பெரும்பங்கு குறை வெளிச்சத்துடையது. ஒளி துளித்துளியாக வருகிறது. தூறலில் மொட்டைமாடி முழுக்கக் கிண்ணங்களை வைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழாது. சராசரி 100 துளி என்றால் ஏற்ற இறக்கம் 10 துளி, அதாவது 10 சதவீதம். சராசரி 10,000 என்றால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இருட்டுப் படத்தின் மணல், துளி போதாத தூறல். போனின் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு, அதில் விழும் துளியும் கொஞ்சம். அதைச் சரிக்கட்டப் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அடுக்குவதற்குள் பிள்ளை நகர்ந்துவிடுவதால்தான் அந்த மெழுகு முகம்.

300 லக்ஸ் மேடையில் எஃப்/2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம். எஃப்/5.6 லென்ஸ்தான் இருக்கிறது என்றால் ஐஎஸ்ஓ 6400. புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். மணல் விழுந்த முகம் முகம்தான், கலங்கிய முகத்தை எதுவும் மீட்காது. பின்னால் கருந்திரை இருந்தால் தானியங்கி ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். ஆகவே கைமுறையில் அமைத்து, முகத்தைப் பார்த்து அளவிடுங்கள். நீலமும் சிவப்புமாக எல்இடி அடித்தால் முகத்தின் நெளிவெல்லாம் ஒரே வண்ணத்தில் அமுங்கும். வெள்ளை விளக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

எல்இடியில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். 1/500-ல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் வரலாம். சத்தமில்லாத ஷட்டரில் குறுக்கே பட்டைகளே விழும். 1/100-ல் ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே அடங்குவதால் இது வராது. ஆனால் 1/100-ல் கை கரையுமே?

இங்கேதான் நான்காவது வழி வருகிறது. அது நடனத்துக்குள்ளேயே இருக்கிறது. 20 சென்டிமீட்டர் உயரம் குதிக்கும் பிள்ளை சுமார் 0.4 நொடி காற்றில் இருக்கும். அதில் சரிபாதி, 0.2 நொடி, கடைசி 5 சென்டிமீட்டரிலேயே கழிகிறது. மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் பூச்சியமாகித் திரும்புவதால் இப்படி. உச்சியை நடுவாக வைத்து 1/100 நொடி திறந்தால் உடல் நகர்வது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. பறப்பது போன்ற அந்தப் படம், பிள்ளை நின்ற நேரத்தில் எடுத்தது. கையை ஓங்கி இறக்கும் திருப்பத்திலும், தீர்மானம் என்னும் அடவுக் கோவை முடிந்து பாதம் தட்டி நிற்கும் இடத்திலும் இதே கதைதான். பக்கத்து உத்தரகோசமங்கையில் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருந்து, ஆருத்ரா தரிசனத்தையொட்டி மட்டும் காப்புக் களையப்படும் மரகத நடராசரைப் பாருங்கள். தூக்கிய கால் தூக்கியபடி இருக்கிறது. ஷட்டர் இல்லாத காலத்துச் சிற்பியும் ஆட்டம் நிற்கும் இடத்தைத்தான் தேடியிருக்கிறார்.

அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து அமுக்கினால் பிந்திவிடும். பார்த்ததற்கும் விரல் அசைவதற்கும் இடையே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி போகிறது, அதற்குள் பிள்ளை தரையில் இறங்கியிருக்கும். தாளத்தை வைத்து முன்கூட்டியே அமுக்க வேண்டும். எந்த வரியில் குதிப்பு, எந்த அடியில் திரும்பல் என்பது கூலிக்கு வந்த படக்காரருக்குத் தெரியாது. ஒரு மாதமாக வீட்டில் அதே பாட்டைக் கேட்டுக் காது புளித்துப்போன உம்மாவுக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் பார்ப்பது கூட்டத்தை அல்ல, மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்று அடவு காட்டிக்கொடுக்கும் டீச்சரைத்தான். டீச்சர் எந்தப் பக்கம் என்று விசாரித்து அந்தப் பக்கத்து நடைபாதையில் ஒரு நாற்காலி போடுங்கள். அளவுகளை எல்லாம் அமைத்துவிட்டு, கேமராவை உம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.