கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களுடன்: புறப்படுமுன் சொல்ல வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து காரிலேயே சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை போகலாம் என்றிருக்கிறோம். நான் போகலாமா, டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவராக இருப்பார். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் என ஏதேனும் ஒன்று அவருக்கு இருக்கும்.

பெரும்பாலானோர்க்கு எங்கள் விடை “போகலாம்” என்பதே. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர் கடலையும் நண்பர்களையும் விட்டு விலகியிருக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துப் பெட்டியை எடுத்து வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு. உடன் வருபவர்களிடம் நம் நோயைப் பற்றிச் சொல்லிவிடுவதே அது.

இதன் அருமையை எங்களுக்கு உணர்த்தியவர் எங்களிடம் சிகிச்சை பெறும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இன்சுலின் போட்டுக்கொள்பவர். முப்பது ஆண்டுகால நண்பர்கள் மூவருடன் வேளாங்கண்ணியில் தங்கியிருந்தார். விடியற்காலையில் குளியலறைக்குள் சென்று, எவரும் அறியாமல் ஊசியைப் போட்டுக்கொண்டார். வழியில் சிற்றுண்டி உண்பதாக ஏற்பாடு. ஆனால் வெயில் ஏறுமுன் கோடியக்கரையில் பறவைகளைப் பார்த்துவிடலாம் என்று நண்பர்கள் திட்டத்தை மாற்றினர். “நான் முதலில் சாப்பிட வேண்டும்” என்று சொல்ல அவருக்குத் தயக்கம். திரும்பும்போது அவரே காரை ஓட்டினார். வேதாரண்யத்தைக் கடந்ததும் கேட்டதற்குப் பொருத்தமில்லாத விடைகளைச் சொன்னார். நண்பர்கள் அதைக் கேலிப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தனர். சற்று நேரத்தில் கார் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. நல்வாய்ப்பாக எதிரே வண்டி ஏதும் வரவில்லை.

அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரப் பெண்மணி ஓடிவந்து பார்த்தார். உடல் முழுதும் வியர்வை, நடுங்கும் கைகள். “இவருக்குச் சுகர் இருக்கிறதா?” என்று அவர் கேட்டபோது மூவரும் ஒருமித்துச் சொன்ன விடை: “இல்லை.” முப்பது ஆண்டுகள் பழகியவர்களுக்கு உண்மையிலேயே அது தெரியாது. தம் தாயாரிடம் இதே நிலையைக் கண்டிருந்த அப்பெண்மணி அந்த விடையை நம்பாமல் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். ஆசிரியர் தெளிந்தார். “நோயாளியாகப் பார்த்துவிடுவார்களோ என்றுதான் சொல்லவில்லை, டாக்டர்” என்று பின்னர் எங்களிடம் கூறினார்.

சொல்ல வேண்டியவை எவை?

நோயின் வரலாறு முழுவதையும் விவரிக்க வேண்டியதில்லை. நான்கு செய்திகள் போதும்: எனக்கு என்ன நோய், என்ன நேரக்கூடும், அது பார்ப்பவர்களுக்கு எவ்வாறு தெரியும், அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது.

சர்க்கரை நோயாளி ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “எனக்குச் சர்க்கரை திடீரென்று குறையலாம். வியர்க்கும், கை நடுங்கும், எரிச்சலாகவோ உளறலாகவோ பேசுவேன். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.”

இதய நோயாளி சொல்ல வேண்டியது: “நெஞ்சில் அழுத்தமோ, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ வந்தால் வாயுக்கோளாறு என்று சோடா வாங்கித் தராதீர்கள். என்னை உட்காரவைத்து, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டியை ஓட்ட என்னை விடாதீர்கள்.”

வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் இவ்வாறே தத்தம் நான்கு செய்திகளை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இவற்றுடன் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்டா என்ற குறிப்பு, குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அதன் படம் ஒவ்வொரு நண்பரின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன்

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள். முந்தைய நாள் வந்தால் மருந்தின் அளவை மாற்றி அதன் விளைவைப் பார்க்க நேரமிராது. எந்த நாளில் எங்கே தங்குகிறீர்கள், யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை எழுதிக் கொண்டுவாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உடலில் நீர் குறையும்போது சில சர்க்கரை மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யலாம். அதே வேளையில் இன்சுலினைத் தாமாக முற்றிலும் நிறுத்துவதும் ஆபத்து.

வழியும் மருத்துவமனைகளும்

சென்னையிலிருந்து புதுச்சேரி வரையுள்ள ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் ஊர்கள் நெருக்கமாக உள்ளன. புதுச்சேரியில் ஜிப்மர் உள்ளது. சிதம்பரத்தில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாகப்பட்டினம், ராமநாதபுரம் மாவட்டங்களில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன.

கவனம் தேவைப்படுவது வேளாங்கண்ணிக்கும் ராமநாதபுரத்திற்கும் இடைப்பட்ட நெடும்பகுதி. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி, தொண்டி என்று ஊர்கள் வந்தாலும் பெரிய மருத்துவமனைகள் தொலைவாக உள்ளன. இப்பகுதியை ஒரே நாளில் விரைந்து கடக்கும் திட்டத்தை முதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தனுஷ்கோடி செல்வோர் தண்ணீர், குளுக்கோஸ், மாத்திரைகள் அனைத்தையும் ராமேஸ்வரத்திலிருந்தே கையில் எடுத்துச் செல்லுங்கள். 1964 புயலில் அழிந்த அவ்வூரைத் தாண்டி அரிச்சல்முனை வரை செல்லும் சாலையில் நிழல் அரிது. இருட்டிய பின் கார் ஓட்டுவதைத் தவிருங்கள். கால்நடைகள் சாலையில் படுத்திருப்பது இவ்வழியில் இயல்பு.

வெப்பமும் மருந்தும்

பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம். உங்கள் மருந்தின் உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் இந்த அளவை வெகு விரைவில் தாண்டிவிடும். ஆகவே கோயிலுக்கோ உணவகத்துக்கோ இறங்கும்போது இன்சுலினும் உங்களுடன் இறங்க வேண்டும். வாய் அகன்ற பிளாஸ்க் அதற்கு உதவும். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. நாக்கின் அடியில் வைக்கும் சில மாத்திரைகள் வெப்பத்தாலும் ஒளியாலும் வீரியம் இழக்கும். அவற்றை வாங்கிய குப்பியிலேயே வையுங்கள். மருந்துகளை இரு பங்காக்கி இரண்டு பைகளில் எடுத்துச் சென்றால் ஒரு பை தொலைந்தாலும் பயணம் தடைப்படாது.

ஓட்டுநர் இருக்கையில்

இன்சுலின் அல்லது சர்க்கரையை மிகவும் குறைக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர், காரை எடுக்குமுன்னும் பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். அளவு 90-க்குக் குறைவாக இருந்தால் சிறிது உண்டபின் ஓட்டுங்கள். 70-க்குக் குறைந்தால் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் ஏறவில்லையெனில் மறுபடியும் எடுங்கள். அளவு சரியான பின்னும் முக்கால் மணி நேரம் ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பக் கூடாது. அன்று வேறொருவர் ஓட்டுவதே நன்று.

பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகவே வேலை செய்யும். அவர்களுக்குக் குளுக்கோஸ் தூள்தான் உரியது.

எவராயினும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சில நிமிடங்கள் நடங்கள். நெடுநேரம் மடக்கிய கால்களுடன் அமர்ந்திருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும்.

தண்ணீரும் கழிப்பறையும்

வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சி நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுவோர் பலர். தண்ணீரே குடிக்காமல் வருவோர், குறிப்பாகப் பெண்கள், அதைவிடப் பலர். முன்னது இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தரும். பின்னது மயக்கத்தையும் சிறுநீர்த் தொற்றையும் வரவழைக்கும். மாத்திரையின் நேரத்தைத் தங்குமிடம் சேர்ந்தபின் வரும்படி மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். “அரை மணியில் கழிப்பறை வேண்டும்” என்று நண்பரிடம் கூச்சமின்றிச் சொல்லும் பழக்கமும் ஒரு சிகிச்சையே.

உணவு

மீன் நல்ல உணவு. குழம்பு மீன் வறுத்த மீனைவிட நல்லது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு, இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்களுக்குக் கேடு. இளநீர் பலருக்கு நன்மை தரும்; ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் அனுமதியின்றிப் பருகக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் சிப்பி, நண்டு, இறால் ஆகியவற்றை நன்கு வேகாமல் உண்ணக் கூடாது.

காலும் கடலும்

நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். நண்பகல் மணலும் கோயிலின் கற்றளமும் பாதத்தைப் புண்ணாக்கினாலும் வலி தெரியாது. கடற்கரையில் செருப்பைக் கழற்றாதீர்கள். கோயில்களுக்குக் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். அனுமதிக்கும் இடங்களில் காலுறை அணியுங்கள். இரவில் படுக்குமுன் இரு பாதங்களையும் பாருங்கள். குனிய இயலாதவர் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாத புண் உள்ள காலைக் கடல்நீரில் நனைக்காதீர்கள். சென்னை முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடலில் இழுப்பு மிகுதி. கணுக்கால் அளவு நீரே போதும்.

யார் தள்ளிவைக்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நடந்தால் நெஞ்சுவலி வருபவர்கள், அண்மையில் வலிப்பு வந்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவர் இசைவு தரும்வரை காத்திருங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் செல்லும் ஊரில் முன்பதிவு செய்யாமல் புறப்படலாகாது.

உடன் செல்லும் நண்பர்களுக்கு

ஒருவர் தம் நோயைச் சொல்லாமல் மறைப்பதில் சுற்றியிருப்போர்க்கும் பங்குண்டு. “இதுகூடச் சாப்பிடமாட்டாயா?” என்ற கேலியும், “உனக்கு ஒன்றுமில்லை, வா” என்ற வற்புறுத்தலும் அடுத்த முறை அவரை வாய்மூட வைக்கும். புறப்படுமுன் நீங்களே கேளுங்கள்: “உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” உணவு நேரத்தை மாற்ற விரும்பினால் அவரைக் கேட்டபின் மாற்றுங்கள்.

அந்த ஆசிரியர் மறு ஆண்டும் அதே நண்பர்களுடன் அதே வழியில் சென்று வந்தார். இம்முறை குளுக்கோஸ் பொட்டலம் ஆளுக்கொன்று வைத்திருந்தனராம். காலையில் அவர் ஊசி போட்டுக்கொண்டதும், இலையில் இட்லி வந்த பிறகே கார் சாவி மேசையை விட்டு எழுந்ததாம். பறவைகளையும் பார்த்துவிட்டார்கள், சற்றுத் தாமதமாக.

நீங்களும் பயணம் திட்டமிட்டிருந்தால், அடுத்த முறை வரும்போது உங்கள் வழித்தடத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். இயலுமாயின் உடன் வரவிருக்கும் நண்பர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். உங்கள் அட்டையை எழுதி முடிக்க நாங்கள் உதவுகிறோம்.