செய்தி நம்மைத் தேடி வர எந்தத் திரட்டி நல்லது?

என் சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் கான்சாபுரத்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. "இனிமே பேப்பர் எதுக்குப்பா, எல்லாம் இதுலயே வந்துருமே" என்று சந்தோஷப்பட்டார். கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் நான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் போகலாம் என்று கோயம்புத்தூரில் இருந்து மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளோடு காரில் வந்தார்கள். 'சதுரகிரி செல்ல பக்தர்களுக்கு அனுமதி' என்று ஒரு செய்தித் துண்டின் படம் சித்தப்பாவின் போனுக்கு ஃபார்வர்டு ஆகி வந்திருந்தது. அதை நம்பித்தான் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் தாணிப்பாறை கேட் மூடியிருந்தது. முந்தின நாள் மழை, அதனால் தடை. பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். அந்தப் படத்தில் தேதி இல்லை. பிறகு தேடிப் பார்த்தபோது அது முந்தைய வருடத்துச் செய்தி என்று தெரிந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். சதுரகிரி, வத்திராயிருப்பை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைக்காடுகள்தான். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் மலைக்குச் சென்ற பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். மழை என்றால் வனத்துறை பாதையை மூடுவது அதனால்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அல்ல.

அன்று ராத்திரி சித்தப்பா போன் செய்தார். "நெட்ல எல்லாம் வரும்னு சொன்னியேப்பா. வர வேண்டியது வரலையே" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் போய் அவர் எப்படிச் செய்தி படிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் ஏழு இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். ஐந்தில் நேற்றுப் பார்த்ததே இருக்கிறது. நடுவில் ஒரு வீடியோ, அதிலிருந்து இன்னொரு வீடியோ. ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. மலை, மழை, அணைத் தண்ணீர் ஆகிய மூன்றும் கண்ணில் படவே இல்லை.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே 1999-ல் ஒரு வசதி வந்தது. அதன் பெயர் ஆர்எஸ்எஸ். நான் இந்தப் பெயரைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "அரசியல் எல்லாம் நமக்கு வேண்டாம்ப்பா" என்றார். இது அந்த அமைப்பு அல்ல. 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்' என்பதன் சுருக்கம். தமிழில் செய்தியோடை என்கிறோம்.

ஒரு இணையதளமோ வலைப்பூவோ, தான் புதிதாக வெளியிடுபவற்றின் தலைப்பு, தேதி, சுருக்கம், இணைப்பு ஆகியவற்றை ஒரு சிறிய ஃபைலில் எழுதி வைக்கிறது. அதுதான் ஓடை. அந்த ஃபைலை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக இருப்பதை மட்டும் எடுத்து வந்து உங்கள் முன் அடுக்கும் சாஃப்ட்வேருக்குத் திரட்டி என்று பெயர். பத்து தளங்களுக்கு நீங்கள் போக வேண்டாம். பத்தும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடும். நீங்கள் கேட்டது மட்டும் வரும், தேதியோடு வரும், நேர வரிசையில் வரும். போனில் வரும் ஃபார்வர்டில் இந்த மூன்றும் இல்லை.

2025 ஜூன் மாதம் எங்கள் பக்கத்து ஊர் கூமாபட்டி இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பிரபலமானது பலருக்கு நினைவிருக்கும். ஏதோ தீவு போலத் தண்ணீர் நிறைந்த ஊர் என்று நினைத்து எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வந்த பிறகுதான் பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் எனக்கு இந்த விஷயத்தைச் சென்னையில் இருந்து உறவினர் ஒருவர் போன் செய்து சொன்னார். என் போன் அன்றைக்கு எனக்குக் கிரிக்கெட் காட்டிக்கொண்டிருந்தது! நமக்கு எதைக் காட்டுவது என்று அங்கே வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். திரட்டியில் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

பழைய பதிவர்களுக்குத் தெரிந்த கதை

தமிழில் திரட்டி புதிதல்ல. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பூக்களின் ஓடைகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. அடுத்து தேன்கூடு, தமிழிஷ் என்று வேறு சிலவும் வந்தன. காலையில் தமிழ்மணத்தைத் திறந்தால் யார் என்ன எழுதினார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அப்போது பல தமிழ் நாளிதழ்த் தளங்கள் தத்தம் சொந்த எழுத்துருவில் இருந்ததால் திரட்டியில் அவை குப்பை எழுத்தாக வரும். யூனிகோடில் எழுதிய பதிவர்கள்தான் ஒழுங்காகத் தெரிவார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை.

நான் 2005-ல் வந்த கூகிள் ரீடருக்கு மாறியிருந்தேன். நூறு வலைப்பூக்களுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன். 2013 மார்ச்சில் ஒரு அறிவிப்பு வந்தது. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி 2013 ஜூலை 1-ம் தேதியோடு மூடினார்கள். அறிவிப்பு வந்த இரண்டு நாளில் ஐந்து லட்சம் பேர் தன்னிடம் வந்து சேர்ந்ததாக ஃபீட்லி என்ற திரட்டி சொன்னது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் பட்டியல் மட்டும் தொலையவில்லை. மூடுவதற்குள் அதை ஒரு ஃபைலாக டவுன்லோட் செய்துகொள்ள வழி வைத்திருந்தார்கள். அந்த ஃபைலின் வகைக்கு ஓபிஎம்எல் என்று பெயர். எனவே எந்தத் திரட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஓபிஎம்எல் ஃபைலாகப் பட்டியலை வெளியே எடுக்க முடிகிறதா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு முதலில் போட்டுக் கொடுத்தது

மொசில்லாவின் தண்டர்பேர்ட். இது இமெயில் சாஃப்ட்வேர் என்று நினைப்பீர்கள். திரட்டியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டாம். தண்டர்பேர்டின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். வேறு டவுன்லோட் தளங்களில் எடுத்தால் கூடவே தேவையில்லாத சாஃப்ட்வேர்கள் ஒட்டிக்கொண்டு வரலாம்.

இன்ஸ்டால் செய்ததும் ஆல்ட் கீயை அழுத்தினால் மேலே மெனு தெரியும். அதில் 'ஃபைல்', 'நியூ', 'ஃபீட் அக்கவுன்ட்' என்று போங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனு கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம். கணக்கு உருவானதும் இடது பக்கம் அதன் பெயர் வரும். அதன் மேல் ரைட் க்ளிக் செய்து 'சப்ஸ்கிரைப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஓடையின் முகவரியை ஒட்டி 'ஆட்' என்பதை க்ளிக் செய்யுங்கள். சில விநாடிகளில் இமெயில் வருவது போலச் செய்திகள் வந்து வரிசையாக நிற்கும்.

ஓடையின் முகவரியை எங்கே பிடிப்பது? முன்பெல்லாம் பிரௌசரிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னம் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் இருந்த லைவ் புக்மார்க் வசதியை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய புத்தகங்களில் படித்த வழி இப்போது உதவாது. வேர்ட்பிரஸ் வலைப்பூ என்றால் அதன் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். பிளாகர் வலைப்பூ என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களை ஒவ்வொன்றுக்கும் முன் சாய்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. தி இந்து ஆங்கில நாளிதழ் மதுரைச் செய்திகளுக்கென்றே தனி ஓடை வைத்திருக்கிறது. எங்கள் விருதுநகர் மாவட்டச் செய்திகள் அதில் வரும். சித்தப்பாவுக்கு முதலில் சேர்த்தது அதுதான். பிறகு ஒரு தமிழ்ச் செய்தித் தளம், மழையைப் பற்றி எழுதும் வலைப்பூ ஒன்று, தென்னை விவசாயம் பற்றி இரண்டு. இன்னும் சிலவும் சேர்த்து மொத்தம் எட்டு.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தால் வலைப்பூக்களில் எல்லாம் இருக்கிறது. செய்தித் தளங்களில் மட்டும் நடுவில் நாலைந்து நாள் செய்திகளைக் காணோம். "பழுதாயிருச்சா பாருப்பா" என்றார். பழுது ஒன்றும் இல்லை. எனக்குத்தான் முன்பே தோன்றாமல் போயிற்று. ஓடையில் எப்போதும் கடைசியாக வந்த சில செய்திகள்தான் இருக்கும். புதிது வர வர, பழையது கழிந்துவிடும். வாரத்துக்கு ஒன்று எழுதும் வலைப்பூ என்றால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நாளுக்கு ஐம்பது செய்தி போடும் தளத்தில் நேற்றையதே இருக்காது. தண்டர்பேர்ட் திறந்திருந்தால்தான் போய் எடுத்து வரும். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்த ஒரு வாரம் யாரும் எடுக்கப் போகவில்லை.

எனவே கம்ப்யூட்டரை தினமும் திறப்பவர், வலைப்பூக்களையே அதிகம் படிப்பவர் என்றால் தண்டர்பேர்ட் போதும். வந்த செய்திகள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கட்டுரை முழுவதையும் ஓடையில் தருகிற வலைப்பூ என்றால் இணைப்பு அறுந்தாலும் படிக்கலாம். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. அப்படி இல்லாதவர்கள் இணையத்திலேயே இயங்கும் திரட்டிக்குப் போவது நல்லது. நீங்கள் தூங்கினாலும் அவர்களுடைய சர்வர் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் படித்தது போனிலும் படித்ததாகவே காட்டும்.

இந்த வகையில் ஃபீட்லி, ஐனோரீடர் இரண்டும் பெயர் பெற்றவை. இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. எத்தனை ஓடை சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தாலும் புதியவர்களுக்கு அதுவே அதிகம். பணம் கட்டச் சொல்லி அவ்வப்போது கேட்பார்கள். மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். ஃபீட்லி பார்க்க அழகு. எனக்குப் பிடித்தது ஐனோரீடர், தலைப்புகளை நெருக்கமாக அடுக்கிக் காட்டுவதால். தளத்தின் சாதாரண முகவரியைக் கொடுத்தாலே பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரே வேண்டாம், ஆண்ட்ராய்டு போனில் மட்டும் போதும் என்பவர்கள் ஃபீடர் என்ற இலவச ஆப்பைப் பாருங்கள், கணக்கு எதுவும் கேட்காது. ஆப்பிள் கம்ப்யூட்டர், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் இருக்கிறது, அதுவும் இலவசம்.

சித்தப்பாவின் எட்டு ஓடைகளையும் மாற்ற ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. தண்டர்பேர்டில் அதே சப்ஸ்கிரைப் பெட்டியில் 'எக்ஸ்போர்ட்' க்ளிக் செய்தேன், ஓபிஎம்எல் ஃபைல் வந்தது. ஐனோரீடரில் அதை 'இம்போர்ட்' செய்தேன். ஃபைலை ஒரு பென்டிரைவிலும் போட்டு, இனிஷியல் எழுதி, அவருடைய பீரோவில் வைத்திருக்கிறேன்.

இதில் நடக்காததையும் சொல்லிவிட வேண்டும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதுபவர்களை இப்படிப் பின்தொடர முடியாது, அவை ஓடை தருவதில்லை. சில நாளிதழ்கள் தலைப்பையும் இரண்டு வரியையும் மட்டும் தரும், மீதிக்கு அவர்கள் தளத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, ஆசைப்பட்டு ஒரே நாளில் ஐம்பது தளங்களைச் சேர்க்காதீர்கள். மறுநாள் காலை 'படிக்காதவை 600' என்று காட்டும், அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுவார்கள். பத்துக்குள் தொடங்குங்கள். மீறிச் சேர்ந்துவிட்டால் 'மார்க் ஆல் ஆஸ் ரீட்' என்ற பட்டன் இருக்கிறது, கூச்சப்படாமல் அழுத்துங்கள்.

மார்கழி அமாவாசைக்கு மாப்பிள்ளை மறுபடி கேட்டிருக்கிறார். சித்தப்பா தோப்பில் இருந்தபடியே போனில் திரட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தேதி போட்டு மழைன்னு இருக்கு, நாளைக்குக் காலையில பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க மாப்பிள்ள" என்றாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன். போனைச் சித்தி வாங்கினார். யூடியூபில் கோலம் போட்டுக் காட்டுகிற ஒரு சேனல் இருக்கிறதாம், அதில் புதுக்கோலம் வந்தால் இந்தப் பெட்டியில் தெரியுமா என்று கேட்டார். தெரியும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. சேனலின் முகவரியை அப்படியே எடுத்து ஐனோரீடரின் தேடும் பெட்டியில் ஒட்டினால் போதும். சாயங்காலம் போய் ஒன்பதாவதாக அதைச் சேர்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தேன்.