நெல்லிக்காய்: உங்கள் வீட்டில் யாருக்கு எந்த ஜாடி?

வீட்டுக் கொல்லையில் நெல்லி மரம் வைத்திருப்பவர்களின் பாடே தனி. காய்க்கிற வரை மரத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். காய்க்க ஆரம்பித்துவிட்டால் கூடை கூடையாகக் கொட்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, ஊறுகாய் போட்டு, மிச்சத்தை எல்லாம் தேனில் போட்டு வைத்துவிடுவார்கள். அப்புறம் என்ன? "தேன் நெல்லி மருந்துதானே!" என்று சர்க்கரை நோய் உள்ள தாத்தா காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று எடுத்துக்கொள்வார். "இனிப்பைத் தொடறதே இல்லை டாக்டர், ஆனாலும் சர்க்கரை இறங்க மாட்டேங்குது" என்று என் முன்னால் வந்து உட்காருவார்.

இதற்கு நெல்லி என்ன செய்யும், பாவம்? மரத்தில் இருக்கும்வரை அது எல்லோருக்கும் ஒரே காய்தான். ஜாடிக்குள் போனபிறகு அதோடு சேர்கிற உப்பும் இனிப்பும்தான், யார் சாப்பிடலாம், யார் கூடாது என்பதைத் தீர்மானிக்கின்றன.

சித்த மருத்துவத்தில் நெல்லியின் சுவை புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு. தன்மை சீதம், அதாவது குளிர்ச்சி. கடுக்காய், தான்றிக்காயோடு சேர்ந்து திரிபலாவில் மூன்றில் ஒன்று நெல்லி. இன்றைய கணக்குப்படியும் அது குறைந்ததல்ல. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையின்படி 100 கிராம் நெல்லியில் ஏறக்குறைய 250 மில்லி கிராம் வைட்டமின் சி உள்ளது. 30 கிராம் சதையுள்ள ஒரே ஒரு காய் சுமார் 75 மில்லி கிராம் தந்துவிடும். பெரியவர்களின் ஒரு நாள் தேவை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே தினம் ஒன்று போதும். நாலைந்து சாப்பிட்டால் பலன் நாலைந்து மடங்காகும் என்று நினைக்காதீர்கள்; பல் கூசும், வயிறு எரியும், அவ்வளவுதான்.

மரம் வைக்கும்போதே...

முதலில் எந்த நெல்லி என்று முடிவு செய்யுங்கள். கொத்துக்கொத்தாக, வரிவரியாகக் காய்க்கும் சின்ன அருநெல்லி வேறு; நான் சொல்லும் பெருநெல்லி வேறு. அருநெல்லி ஊறுகாய்க்கு நன்றாக இருக்கும். ஆனால் மருந்துக்குப் பெருநெல்லிதான்.

கொட்டை போட்டு முளைத்த கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகலாம். ஒட்டுக் கன்று என்றால் மூன்று, நாலு வருடத்தில் காய்க்கும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் பி.எஸ்.ஆர். 1, என்.ஏ. 7, காஞ்சன், கிருஷ்ணா போன்ற ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். "மரம் செழிப்பா இருக்கு, காய்தான் இல்லை" என்று சிலர் குறைப்படுவதுண்டு. நெல்லியில் பல ரகங்கள் தன் மகரந்தத்தால் தானே சரியாகக் காய்ப்பதில்லை. பக்கத்தில் வேறு ரக மரம் ஒன்று வேண்டும். ஒரே ரகத்தில் இரண்டு வைப்பதைவிட, இரண்டு ரகத்தில் ஒவ்வொன்று வையுங்கள். இடமில்லையா? பக்கத்து வீட்டுக்காரரை ஒன்று வைக்கச் சொல்லுங்கள்!

மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து நிரப்பி, மழைக் காலத் தொடக்கத்தில் நடலாம். இரண்டு மரங்களுக்கு நடுவில் இருபதடி வேண்டும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கவே கூடாது. பூ உதிர்ந்தபின் பிஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவில் கோடை முழுக்கத் தூங்கும். மழை வந்த பிறகுதான் மளமளவென்று பருக்கும். எனவே கோடையில் 'காய்க்கவில்லை' என்று கோபித்துக்கொண்டு மரத்தை வெட்டிவிடாதீர்கள்.

பறிக்கும்போதே...

கரும்பச்சை மாறி, வெளிர்மஞ்சள் கலந்து, காய் லேசாகக் கண்ணாடி மாதிரி தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். கிளையை உலுக்கக் கூடாது. கீழே விழுந்து அடிபட்ட காய் மறுநாளே பழுப்பாகும். அதை ஜாடியில் போட்டால் மற்ற காய்களையும் கெடுக்கும். பனி ஈரம் காய்ந்தபிறகு கையால் பறியுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். வடு இல்லாதது ஜாடிக்கு, லேசாக அடிபட்டது அன்றைக்கே துவையலுக்கும் சாறுக்கும், அழுகினது எருக்குழிக்கு.

பித்தளை, செம்புப் பாத்திரத்தை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அலுமினியமும் வேண்டாம். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியே நல்லது. ஜாடியும் கரண்டியும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

நாலு ஜாடி, நாலு பேர்

1. உப்பு நெல்லி: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கழுவித் துடைத்த ஒரு கிலோ காயை இதில் மூழ்கும்படி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊறிய ஒரு காயில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறபோது, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த ஜாடி வேண்டாம்.

2. தேன் நெல்லி: காயை ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஈரம் போக ஒரு நாள் துணியில் உலர்த்தி, தேனில் மூழ்கப் போடுங்கள். ஏன் உலர்த்தணும்? காயில் உள்ள நீர் தேனில் இறங்கினால் தேன் நீர்த்துப்போகும், நுரைத்துப் புளிக்கும். இளைத்த பிள்ளைகளுக்கும் இருமல்காரர்களுக்கும் தினம் ஒன்று தரலாம். சர்க்கரை நோயாளிக்கு இது மருந்தல்ல, மிட்டாய்! ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும்.

3. நெல்லிமுள்ளி: பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் சுளைகள் தானே பிரியும். கொட்டையை எடுத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். ஒடித்தால் 'சட்'டென்று ஒடியணும். வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போய்விடும். துவர்ப்புச் சத்து நிற்கும். பொடித்து அரை டீஸ்பூன் வெந்நீரில் இரவில் சாப்பிட, வீட்டில் மலச்சிக்கலால் அவதிப்படும் பெரியவர்களுக்கு நல்லது.

4. ஐஸ் நெல்லி: பாட்டி காலத்தில் இல்லாத முறை, ஆனால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது. கொட்டை நீக்கி அரைத்து வடிகட்டிய சாறை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலேயே வையுங்கள். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. தினம் ஒரு கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, சாப்பாட்டுக்குப் பின் குடிக்கலாம். குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுங்கள். புளிப்பு பல்லில் நிற்கக் கூடாது.

எந்த ஜாடியானாலும் பூஞ்சை படர்ந்தாலோ, நுரைத்தாலோ, கள் வாடை அடித்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். 'மேலாக வழித்துவிட்டால் போதும்' என்ற சிக்கனம் ஆபத்து. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நெல்லி சாப்பிடுகிறோமே என்று சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது.

இந்த வருடம் ஜாடியில் தேதியை எழுதும்போது, கீழேயே யாருக்கு என்றும் எழுதி ஒட்டிவிடுங்கள். 'பிள்ளைகளுக்கு', 'தாத்தாவுக்கு' என்று இரண்டு சீட்டு. இரண்டு நிமிட வேலைதான்; தாத்தாவின் சர்க்கரை ஏறாமல் காப்பது அதுதான்.