உறைந்த திரையும் உயிருள்ள கணிப்பொறியும்

லினக்ஸ் கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரெனச் சுட்டி அசையவில்லை. விசைகளை அழுத்தியும் பயனில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்திவிடலாமா? கூடாது. திரை உறைந்ததால் கணிப்பொறியே நின்றுவிட்டது என்று பொருளாகாது.

காரணத்தைக் காண்போம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட ‘கெர்னல்’ என்னும் உட்கருவே லினக்ஸின் உயிர். கோப்புகளையும் நினைவகத்தையும் ஆள்வது அதுவே. படம் வரையும் வேலையை வரைகலைச் செயலி செய்கிறது. அதற்குக் கட்டளைகளைக் கொண்டு செல்லும் நிரலுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். இட்ட கட்டளையை முடிக்காமல் செயலி நின்றுவிட்டால் திரையில் பழைய படமே தங்கிவிடும். ஆனால் உட்கரு பல வேளைகளில் இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இதை அறியக் காதே சில சமயம் உதவும். கணிப்பொறியில் பாட்டு தடையின்றித் தொடர்ந்தால் உட்கரு இயங்குகிறது. கீறல் விழுந்த இசைத்தட்டைப் போல ஒரே துணுக்கு திரும்பத் திரும்பக் கேட்டால், புதிய ஒலியை அனுப்ப ஆளில்லை. பெரும்பாலும் உட்கருவும் நின்றுவிட்டது எனலாம்.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை தோன்றினால் உள்நுழைந்து, சிக்கிய நிரலை மட்டும் நிறுத்தலாம். தோன்றாவிட்டால் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்னும் எழுத்துகளைச் சில நொடி இடைவெளியில் அழுத்துங்கள். எஸ், நினைவகத்தில் காத்திருப்பவற்றை வட்டில் எழுதும். யூ, மேற்கொண்டு எதுவும் எழுதாதபடி வட்டைக் காக்கும். பி, கணிப்பொறியை மீண்டும் தொடங்கும். நீங்கள் சேமித்த கோப்பு வட்டைச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் மின்சாரத்தை வெட்டினால் உழைப்பு பாழாகும் அன்றோ? இவ்விசைகளும் பயன்படாதபோதுதான் மின்விசையை நாட வேண்டும்.

மீண்டும் தொடங்கியதும், முந்தைய ஓட்டத்தின் பதிவேட்டில் கடைசி வரிகளைப் படியுங்கள். வரைகலை டிரைவரின் பெயரோடு பிழைச்செய்தி இருந்தால் அது நல்ல தடயம். அடுத்து, தொடக்கப் பட்டியலில் லினக்ஸ் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து இயக்கிப் பாருங்கள். அப்போது அந்த டிரைவர் ஒதுங்கிக்கொள்ள, படம் எளிய முறையில் தோன்றும். உறைவு நின்றால் ஐயம் டிரைவர்மீது விழும். வேறு உட்கருப் பதிப்பை முயலலாம். நிற்காவிட்டால் வெப்பம், நினைவகச் சில்லு, மின்வழங்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், நோய் தீர்ந்தாலும் காரணம் தெரியாது.