எரு எத்தனை கிலோமீட்டர் போகும்?

நெல் நடுவதற்கு முன் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு ஐந்து டன். தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான்; ஐந்து டன்னுக்கும் சேர்த்தால் 25 கிலோ தேறும். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. டிராக்டர் பல நடை அடித்து இறக்கும் எருவில் இருப்பது ஒன்றேகால் மூட்டை யூரியாவுக்குக்கூட எட்டாத தழைச்சத்து! மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் 50 காசு. பைக்கில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம்.

கூலி, டீசல் எல்லாம் பார்த்தால் எரு அடிப்பது பைத்தியக்காரத்தனம் என்றுதான் காகிதத்தில் தெரியும். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி, தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே ஏரித் தண்ணீரை நம்பி இன்னும் நெல் வைப்பவர்கள் எருவை விடவில்லை. சித்திரை, வைகாசியில் வயலும் ஏரியும் காய்ந்து, வண்டி இறங்கத் தரை கெட்டியானதும் வேலை தொடங்குகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கிற டிராக்டர்தான் எருவும் அடிக்கிறது. ஈர நிலத்தில் அந்த பாரத்தை இறக்கினால் மண் கீழே அமுங்கி இறுகி, எரு தந்த நன்மையைச் சக்கரம் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஐந்து டன்னில் 25 கிலோ போக மிச்சம் என்ன? கொஞ்சம் மணிச்சத்து, சாம்பல்சத்து. பெரும்பகுதி தண்ணீரும் கரிமமும். அந்தக் கரிமத்தைத்தான் எந்த ரசாயன உர மூட்டையிலும் அச்சடித்து விற்க முடியவில்லை. நுண்ணுயிர்களுக்கு அது சாப்பாடு. அவை தின்று கழித்த பிசின்தான் மண் துகள்களை ஒட்டவைத்துப் பொலபொலப்பாக்குகிறது. இடுக்குகளில் தண்ணீர் தங்குகிறது, வேருக்குக் காற்றுப் போகிறது. எருக்குழியில் ஒரு கை அள்ளிப் பாருங்கள். மக்கியிருந்தால் சாணி வாடை போய் மழை பெய்த மண்ணின் வாசம் வரும், வைக்கோல் துணுக்கு விரலால் நசுக்கினாலே உதிரும். வைக்கோல் விறைப்பாக நின்றால் இன்னும் பச்சை எரு. அதை வயலில் போட்டால் நுண்ணுயிர்கள் வைக்கோலை மக்கவைக்கப் பயிருக்கான தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு அகப்பட்டால் அது காண்டாமிருக வண்டின் குஞ்சு. பொறுக்கி எடுத்துவிடுங்கள், வளர்ந்தால் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும்.

இந்தக் கரிமம் எத்தனை நாள் நிற்கும்? இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு பார்லி வயல் துண்டுக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் எரு போட்டார்கள். பிறகு ஒரு கூடைகூடப் போடவில்லை. நூறாண்டு கடந்தும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அந்த மண்ணில் கரிமம் அதிகமாக இருந்தது. போட்டவர்கள் போய்ச் சேர்ந்து, அவர்களுடைய பேரன்களும் போன பிறகும் எரு வேலை செய்துகொண்டிருந்தது.

நம்மூரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்தம்ஸ்டெட்டின் சராசரி வெப்பம் பத்து டிகிரிக்குப் பக்கம், காஞ்சிபுரத்தில் இருபத்தெட்டைத் தொடும். அங்கே தலைமுறைக்கு நிற்பது இங்கே வெகு வேகமாகக் கரியமில வாயுவாகிப் பறந்துவிடும். நெல்லுக்குத் தேங்கும் தண்ணீர் காற்றைத் தடுத்து அந்த வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பதிலுக்கு மீத்தேனைக் கிளப்பிவிடும், அதிலும் மக்காத எருவென்றால் கூடுதலாக. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலில் எருவையும் ரசாயன உரத்தையும் அருகருகே வைத்து இரண்டின் விளைவையும் பார்த்துவருகிறார்கள். ஆக, எரு ஒரு தரம் போட்டு ஓய்ந்துவிடும் வேலையல்ல, ஆண்டுதோறும் போட வேண்டும். ஆண்டுதோறும் போடுவதென்றால் ஆண்டுதோறும் வண்டிக்கூலி.

தூரத்தை ஜெயிக்க விவசாயிகள் கண்டுபிடித்த வழிகளில் எனக்குப் பிடித்தது கிடை. ராமநாதபுரம், சிவகங்கையில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்கு ஆடுகளை ஓட்டிப் போய், ராத்திரிக்கு வயலிலேயே பட்டி போட்டு அடைப்பார்கள். நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். ஏற்று கூலியும் இறக்கு கூலியும் இல்லை, சரக்கே நாலு காலில் நடந்து வருகிறது. கால்நடை கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. மாட்டுக் கொட்டிலில் அது சாக்கடையோடு போகும். கிடையிலோ பெய்த இடத்திலேயே மண் குடித்துவிடும்.

நாமக்கல் கோழி எருவுக்கு வேறு கணக்கு. அதில் மூன்று சதவீதம் தழைச்சத்து, தொழு உரத்தைப் போல் ஆறு மடங்கு. அதனால் லாரி வாடகையைத் தாங்கி வெளிமாவட்டம் போகிறது. ஏரி வண்டல் நேர் எதிர்: தழைச்சத்து சொற்பம், எடை மலை. ஆனால் ஏரி வயலை ஒட்டியே இருப்பதால் கட்டுப்படியாகிறது. வண்டலின் களித்துகள் கரிமத்தைப் பொத்தி வைத்து நுண்ணுயிர்களிடமிருந்து காப்பாற்றும்; மணற்பாங்கான மண்ணுக்கு இதைவிட நல்ல சேர்மானம் இல்லை. 2024-இல் வட்டாட்சியரே அனுமதி தரும்படி நடைமுறை எளிதானது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 வரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வண்டி வாடகை மட்டும் நம்முடையது.

கொண்டுவந்து சேர்த்தால் போதாது, இறைக்க வேண்டும். நம் பக்கம் எருவை வயலில் குவியல் குவியலாகத் தட்டிவிட்டு, ஆள் கிடைக்கும் வரை நாள் கணக்கில் விட்டுவைக்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அம்மோனியா, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து ஆவியாகிறது என்று பொருள். நடுவில் ஒரு மழை பெய்தால் சாறு குவியலுக்கு அடியிலேயே இறங்கும். பிறகு அந்த வட்டத்தில் மட்டும் பயிர் கருகருவென்று வளர்ந்து சாய்ந்து கிடக்கும், சுற்றிலும் வெளிறி நிற்கும். அமெரிக்காவின் ஓஹையோவில் ஜோசப் ஓப்பன்ஹைம் என்ற பள்ளி ஆசிரியர் 1899-இல், வண்டியின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் எருவை வீசும் துடுப்புகளை வண்டியின் பின்னால் பொருத்தினார். இன்றைய எரு இறைக்கும் இயந்திரங்களின் முன்னோடி அது. துண்டு துண்டான நம் வயல்களில் அந்த இயந்திரம் திரும்பவே இடமிருக்காது, கூடையும் மண்வெட்டியும்தான். எதுவானாலும், கொட்டிய அன்றே இறைத்து, இறைத்த அன்றே உழுதுவிட்டால் பாதி நஷ்டம் தவிரும்.

ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பகுதியில் எருவின் தூரம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு டன் எடையுள்ள கார் இங்கிருந்து கப்பலேறிக் கண்டம் தாண்டிப் போகிறது. ஒரு டன் எருவுக்குப் பக்கத்து ஊரே தொலைவு. மாட்டுக் கொட்டில் சாலைக்கு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்றால் பெங்களூரு நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பைச் சுற்றி, அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் அதே சுற்று, அதே டீசல். எரு லோடு என்ன விலை என்று கேட்டால், நிலம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த டிராக்டர்காரரும் விலை சொல்ல முடியாது.