அகமதாபாத்தில் கட்டடங்களும் பாடம் நடத்துகின்றன

கட்டடக்கலை படிக்க அகமதாபாத் செல்லும் மாணவருக்குப் பாடம் வகுப்பறைச் சுவரிலேயே தொடங்கிவிடுகிறது. 1962-இல் பி.வி. தோஷி தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளிதான் இன்றைய செப்ட் பல்கலைக்கழகம். பள்ளியின் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. இணையாக நீளும் செங்கல் சுவர்கள், வடக்குப் பக்கத்திலிருந்து இறங்கும் வெளிச்சம். வடக்கில் நேர்வெயில் அதிகம் விழாது என்பதால் வரைபலகையில் கண்கூசாது. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று கேட்காமல் அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது.

பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர் தோஷி. கொர்பூசியேயின் மில் உரிமையாளர் சங்கக் கட்டடம் (1954) சபர்மதிக் கரையில் நிற்கிறது. மேற்கே சாலைப் பக்கம் இருக்கும் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. மாலை வெயில் உள்ளே நுழையாது. கிழக்கே ஆற்றுப் பக்கம் அவை நேராக நிற்கின்றன. காற்றும் காட்சியும் தடையின்றி வரும்.

கட்டடக் கலைஞர் லூயி கானை இந்த நகருக்கு வரவழைத்ததிலும் தோஷிக்குப் பெரும்பங்கு உண்டு. கான் வடிவமைத்த இந்திய மேலாண்மைக் கழக வளாகத்தில் ஒரு வளைவின் முன் நின்றாலே போதும். தட்டையான செங்கல் வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். விட்டால் சுவர் விலகும். அதன் இரு கால்களையும் இழுத்துப் பிடிக்க ஒரு கான்கிரீட் விட்டம் குறுக்கே ஓடுகிறது. கான் அதைப் பூசி மறைக்கவில்லை. எது தள்ளுகிறது, எது தாங்குகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

கட்டடத்தை நாடாவால் அளந்து தாளில் வரைவது இந்தப் படிப்பின் முக்கியமான பயிற்சி. சாளரத்தின் ஆழத்தையும் படியின் உயரத்தையும் கை அறிந்துகொள்வது அப்படித்தான். இப்படி அளந்து பழக, 1499-இல் முடிந்த அடாலஜ் படிக்கிணறும் நகருக்கு வெளியே இருக்கிறது.

கட்டடங்களே பாடமாக இருப்பதால்தான் 2020 டிசம்பரில், மேலாண்மைக் கழக வளாகத்தில் கான் வடிவமைத்த 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாகச் செய்தி வந்தபோது உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் கொதித்தார்கள். கழகம் அந்த முடிவைக் கைவிட்டது. ஆனால் 2022-இல் விடுதிகளை மாற்றிக் கட்டும் பேச்சு மறுபடி எழுந்தது. நிலநடுக்கச் சேதம், நீர்க்கசிவு, பாதுகாப்பு என்று சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. அங்கே தூங்குவது மாணவர்கள். ஆனாலும் அதே வளாகத்தின் நூலகத்தைச் செப்பனிட்ட பணிக்கு 2019-இல் யுனெஸ்கோ விருது கிடைத்திருக்கிறது. விடுதிகளுக்கும் அந்த வழியைத்தான் கடைசிவரை முயன்று பார்க்க வேண்டும்.